சாப்பாட்டு மேசைக்கு வரும் ரசீதுப் புத்தகம்: மதுரை மெஸ் ஒன்றில் நடந்ததும் விசாரித்ததும்

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். 2023 ஆடி மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். கழுத்தில் நீல டேக் மாட்டிய ஓர் இளம்பெண்ணும், அவரைவிட இரண்டு மூன்று வயது குறைந்த ஒரு பையனும் உள்ளே வந்தார்கள். கல்லாவில் இருந்தவருக்கு ஒரு கும்பிடு. பிறகு பேச்சே இல்லாமல் ஒவ்வொரு மேசையிலும் இலைக்குப் பக்கத்தில் ஒரு லேமினேட் அட்டையை வைத்துக்கொண்டே போனார்கள். கடைசி மேசைவரை வைத்துவிட்டு, முதல் மேசையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார்கள். அட்டையை எடுக்கும்போதுதான் வாய் திறப்பது: "சார், ஆதரவற்ற குழந்தைங்களுக்கு ஒருவேளை சாப்பாடு சார்."

அந்த மெஸ்ஸுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். சில சின்ன டிரஸ்ட்டுகளின் வரவு செலவையும் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால்தான் உரிமையாளர் என்னிடம் கேட்டார். "தம்பி, இவுங்க நெசமா பொய்யானு எனக்குப் புரியல. உள்ள விட்டா சாப்புடுற ஆளுக மொறைக்கிறாங்க. வேணாம்னு சொன்னா பிள்ளைக சாப்பாட்டத் தடுத்த பாவம் வந்துருமோனு இருக்கு. நீங்க கணக்குத் தெரிஞ்ச ஆளு, என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்ததை இங்கே எழுதுகிறேன். வசூல் எந்த இல்லத்துக்காக நடந்ததோ அதன் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லவில்லை. அங்கே வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர் வெளியே வந்தால் கிடைக்கிற அரிசியும் நின்றுபோகும்.

மேசையில் நடந்தது

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கொடுத்தார்கள். சுமை தூக்கும் தொழிலாளர்கள் இருவர் சேர்ந்து இருபது ரூபாய். திருநெல்வேலி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் நூறு ரூபாய். அதையும் தங்கள் சின்னப் பெண் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்த ஒருவர் "ஜிபே இருக்கா?" என்று கேட்டு அட்டையின் பின்பக்கக் கியூஆரை ஸ்கேன் செய்து இருநூறு போட்டார். மற்றவர்கள் பத்தும் ஐம்பதுமாக. எல்லாம் சேர்த்து 620 ரூபாய் வந்தது என்று அந்தப் பெண்ணே பிறகு சொன்னார். ரசீது வாங்கியவர்கள் இரண்டே பேர். "ரசீதெல்லாம் எதுக்கும்மா" என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள்.

ஏன் கோயில் வாசலை விட்டு, சாலை சிக்னலை விட்டு, சாப்பாட்டுக் கடைக்கு வருகிறார்கள்? உட்கார்ந்து பார்த்தால் புரிகிறது. சாப்பிடுகிறவரின் வலக்கை சாம்பாரில் இருக்கிறது. போனை எடுத்து எதையும் தேட முடியாது. பணத்தை இடக்கையால் கொடுப்பது நம் ஊரில் மரியாதைக் குறைவு. அதனால் பேச்சை வளர்க்காமல், "பாக்கெட்ல இருக்கு, எடுத்துக் குடுடா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி முடித்துவிடப் பார்க்கிறார்கள். எழுந்து போகவும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் சோறு இருக்கிறது. கூட்டு, பொரியல், அப்பளத்தோடு இலை நிறைந்திருக்கும்போது பசித்த குழந்தையின் படம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் தொண்டையில் இறங்காது. அந்த இரக்கம் உண்மையானது. அதை ஏமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரக்கம் எழும் நிமிடத்தில் கேள்வி கேட்க முடியாது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அந்த அட்டை அங்கே வைக்கப்படுகிறது.

இதே மதுரையில் காதுகுத்துக்குப் போனால் மொய் நோட்டோடு ஆள் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை எல்லாம் எழுதிய பிறகுதான் நாம் பந்திக்கே போவோம். சொந்தக்காரருக்குக் கொடுக்கும் ஐந்நூறுக்கு எழுத்து உண்டு. முன்பின் தெரியாதவர் கையில் போகும் நூறுக்கு இல்லை.

அட்டையில் இருந்தது

அட்டையை நிதானமாகப் படித்தேன். மேலே டிரஸ்ட்டின் பெயர். அதன் கீழே "அரசு பதிவு பெற்றது", ஒரு பதிவு எண், 2014 என்ற ஆண்டு. நடுவில் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் படம், முகம் தெளிவாகத் தெரிகிறது. "ஒருவேளை அன்னதானம் ரூ.2,500". "80ஜி வரிவிலக்கு உண்டு". பின்பக்கம் கியூஆரும் ஒரு கைப்பேசி எண்ணும்.

முதலில் பதிவு எண். டிரஸ்ட் பதிவு செய்வது பெரிய காரியமில்லை. பத்திரம் எழுதி, நிறுவனரும் சாட்சிகளும் அடையாள அட்டையோடு சார்பதிவாளர் அலுவலகம் போய்க் கட்டணம் கட்டினால் பதிவாகிவிடும். பத்திரம் முறையாக இருக்கிறதா, கையெழுத்துப் போட்டவர் அவர்தானா என்று பார்ப்பதுதான் சார்பதிவாளர் வேலை. இல்லம் நடக்கிறதா, குழந்தை சாப்பிட்டதா என்று பார்ப்பது அவர் வேலையில்லை. இன்னொன்றும் உண்டு. நிலம், கட்டடம் சம்பந்தப்படாத டிரஸ்ட் பத்திரங்கள் பொதுவாகச் சார்பதிவாளர் அலுவலகத்தின் நான்காம் புத்தகத்தில் பதிவாகும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி அந்தப் புத்தகத்திலிருந்து நகல் பெற, பத்திரத்தை எழுதிக்கொடுத்தவருக்கும் அதன்கீழ் உரிமை உள்ளவருக்கும் அவர்களின் முகவருக்கும்தான் அனுமதி. ஆக, அட்டையில் எண்ணைப் பெரிதாகப் போட்டாலும், நன்கொடை கொடுக்கிறவர் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. "பதிவு பெற்றது" என்ற வரியைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அட்டையிலேயே மிகக் குறைவாகச் சொல்லும் வரி அதுதான்.

அடுத்தது 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை. 2021 ஏப்ரலுக்குப் பிறகு வரிவிலக்குப் பெற்ற டிரஸ்ட்டுகள் எல்லாம் வருமான வரித் துறையிடம் மறுபடி விண்ணப்பித்துப் புதிய எண் வாங்கவேண்டும் என்று விதி மாறியது. அந்த எண்ணும் டிரஸ்ட்டின் பான் எண்ணும் ரசீதில் இருக்கவேண்டும். ஆண்டு முடிந்ததும் 10பிஇ என்ற சான்றிதழ் தரவேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் வரிச்சலுகை கிடையாது. இந்த ரசீதில் பான் எண்ணும் இல்லை, ஒப்புதல் எண்ணும் இல்லை. வருமான வரித் துறைத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினேன், வரவில்லை. கைப்பேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்டதற்கு, "ரெனிவலுக்குப் போட்டிருக்கோம் சார்" என்று பதில் வந்தது. அது பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. அந்த மறுபதிவுக் குழப்பத்தில் நல்ல டிரஸ்ட்டுகளும் மாட்டிக்கொண்டன. காலக்கெடுவே பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் கையில் இல்லாத சலுகையை அட்டையில் அச்சடித்தது தவறு.

மூன்றாவது கியூஆர். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கேன் செய்தால், தொகையைப் போடுவதற்கு முன்பே வங்கியில் உள்ள பெயர் திரையில் வந்துவிடும். வந்தது ஒரு தனிமனிதரின் பெயர். டிரஸ்ட்டின் பெயர் இல்லை, நிர்வாகியின் பெயரும் இல்லை. இருநூறு ரூபாய் போட்டவருக்கும் இதே பெயர்தான் வந்திருக்கும், பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் அந்தப் படம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது. முறையாக நடக்கும் காப்பகங்களுக்கு இது நன்றாகத் தெரியும். முகத்தை மறைத்தோ, முதுகுப்பக்கமாகவோதான் படம் போடுவார்கள். குழந்தைகளின் முகத்தைப் பந்திக்குப் பந்தி காட்டி வசூல் நடக்கிறது என்றால், சட்டம் தெரியாதவர்கள் நடத்துகிறார்கள், இல்லை தெரிந்தும் பொருட்படுத்தாதவர்கள் நடத்துகிறார்கள். இரண்டில் எதுவானாலும் அந்தக் குழந்தைகளுக்கு நல்லதில்லை.

இதுவரை பார்த்ததை வைத்து, "அண்ணே, போலி" என்று உரிமையாளரிடம் சொல்லி முடித்திருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் ரசீதில் முகவரி இருந்தது. போய்ப் பார்க்காமல் சொல்வது நியாயமாகப் படவில்லை.

இல்லத்தில்

மேலூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் வாடகை வீடு. இல்லம் இருந்தது. பதினொரு முதியவர்கள் இருந்தார்கள், ஏழு பேர் பெண்கள். கூடத்தில் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன, தரை சுத்தமாக இருந்தது. சமையலும் மேற்பார்வையும் ஒரே அம்மாதான் பார்க்கிறார். அவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் அன்றாடம் கணக்கு எழுதி வைத்திருந்தார்: அரிசி எத்தனை படி, பருப்பு எவ்வளவு, யார் என்ன கொண்டுவந்து கொடுத்தார்கள், யாருக்கு மாத்திரை தீர்ந்தது. வேலைக்காக எத்தனையோ டிரஸ்ட்டுகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். அவ்வளவு நேர்மையான கணக்கைக் கொஞ்சமாகத்தான் பார்த்திருக்கிறேன். அடித்தல் திருத்தல்கூட அப்படியே இருந்தது.

குழந்தைகள் ஒருவரும் இல்லை.

"பிள்ளைங்க இப்ப இல்ல சார்," என்றார் அந்த அம்மா. "ரெண்டு வருசம் முன்னாடி அதிகாரிங்க வந்து பாத்தாங்க. பதிவு இல்லாம வச்சிருக்கக் கூடாதுனு சொல்லி வேற ஹோமுக்கு மாத்திட்டாங்க. நல்லதுதான் சார், அங்க படிப்பெல்லாம் இருக்கு. போட்டோ மட்டும் அட்டையில அப்புடியே கெடக்கு."

2021-இல் மதுரையில் காப்பகங்களின் மீது கெடுபிடி கூடியதற்குக் காரணம் இருந்தது. நகரில் ஒரு தனியார் காப்பகம், பொறுப்பில் இருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டியது தெரியவந்தது. அந்தக் குழந்தை வேறொரு தம்பதியிடமிருந்து உயிரோடு மீட்கப்பட்டது. குழந்தைகளை விற்றதாக வழக்கும் பதிவானது. குழந்தைகள் காப்பகம் எதுவானாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பதிவு செய்திருக்கவேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்று ஊருக்கே புரிந்தது அப்போதுதான்.

நிர்வாகி வந்தார். ஓய்வு பெற்றவர், தன் சேமிப்பைப் போட்டுத் தொடங்கியவர். வசூலைப் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கிப்போனது. மெஸ்ஸுக்கு வந்த இருவரும் இல்லத்தின் ஆட்கள் இல்லை. நகரத்தில் ஒருவர் வசூலை ஒப்பந்தமாக எடுத்து நடத்துகிறார். அட்டை, ரசீதுப் புத்தகம், ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வசூலாகும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் இல்லத்துக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து எதுவும் கிடையாது. வாரம் ஒருமுறை பணம் வரும். கியூஆரில் காட்டிய பெயர் அந்த ஒப்பந்தக்காரருடையது. அதில் எவ்வளவு விழுகிறது என்று நிர்வாகிக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

"கேட்டா அவரும் விட்டுட்டுப் போயிருவாரு தம்பி. மாசம் பொறந்தா வாடகை குடுக்கணும். அமாவாசைக்கு மூணு குடும்பம் சாப்பாடு கொண்டாரும், மிஞ்சிப் போகும். மறுநாள் ஒருத்தரும் வரமாட்டாங்க. அந்த மத்த நாளுக்குத்தான் இந்த ஏற்பாடு."

அதில் பொய் இல்லை. அந்த அம்மாவின் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. அமாவாசையன்று வடை பாயசத்தோடு மூன்று சாப்பாடு, அடுத்த வாரம் முழுக்க ரசம் சோறு.

அந்தப் பெண் சொன்னது

வசூலுக்கு வந்த பெண்ணிடம், மெஸ் உரிமையாளர் முன்னிலையில் பேசினேன். உசிலம்பட்டிப் பக்கம், பி.காம். படிப்பில் இரண்டு பேப்பர் பாக்கி. "ஃபீல்டு ஒர்க், தினச் சம்பளம்" என்ற நோட்டீஸைப் பார்த்துச் சேர்ந்தவர். நாளுக்கு 350 ரூபாய் பேட்டா. நாள் வசூல் மூவாயிரத்துக்குக் குறைந்தால் மறுநாள் திட்டு விழும்.

"ஹோமப் பாத்ததில்லண்ணே. காலைல ஆபீஸ்ல அட்டை குடுப்பாங்க, சாயந்தரம் திருப்பிக் குடுத்துரணும். இந்த மாசம் இந்த ஹோம். போன மாசம் திண்டுக்கல்ல வேற ஹோம் அட்டை."

அவர் ஏமாற்றுக்காரி இல்லை. தான் காட்டும் படத்தில் உள்ள குழந்தைகள் எங்கேயோ இருக்கிறார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தார். குழந்தைகள் அங்கே இல்லை என்று நாங்கள் சொன்னபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மெஸ் உரிமையாளர் அதட்டக் கூப்பிட்டவர், கடைசியில் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்.

இப்போது அந்த மதியம் விழுந்த 620 ரூபாயின் கணக்கு. அதில் 200 கியூஆரில் போனது, 420 ரொக்கம். எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரர் ஒழுங்காகக் கணக்கில் சேர்த்தால் இல்லத்துக்கு 248 ரூபாய். கியூஆர் பணத்தைச் சேர்க்காவிட்டால் 168. ரசீது இல்லாமல் வாங்கிய ரொக்கத்தையும் விட்டுவிட்டால் இன்னும் குறையும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் ஏறாத பணத்துக்கு யாரிடமும் ஆதாரம் இல்லை. திருநெல்வேலிக் குடும்பத்துச் சிறுமி நீட்டிய நூறில் எவ்வளவு அரிசியாக மாறியது என்று, அந்த நூறு எந்தெந்தக் கைகள் வழியாகப் போனதோ அவர்களில் ஒருவராலும் சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரை குறையே அதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது

உரிமையாளர் கேட்ட "நெசமா பொய்யா" என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. இல்லம் நிஜம், முதியவர்கள் நிஜம், அவர்களின் தேவை நிஜம். படம் பொய், வரிவிலக்கு பொய், கியூஆரில் இருந்த பெயர் வேறு ஆளுடையது. கேட்க வந்த பெண்ணின் கண்ணில் பொய்யே இல்லை. முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர் இந்த இடத்தில் நிச்சயம் கொடுத்திருப்பார். கொடுத்ததில் பாதிக்கு மேல் வழியிலேயே நின்றிருக்கும்.

தனக்காகக் கேட்பவரிடம் கணக்குக் கேட்கவேண்டியதில்லை என்பது என் எண்ணம். பசிக்கிறது என்று வருபவருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுப்பதற்கு எந்தப் பதிவு எண்ணும் தேவையில்லை. அவர் பொய் சொல்லியிருந்தாலும் போனது ஒரு சாப்பாடு. அதுவும் ஒரு வயிற்றுக்குள்தான் போனது. பிறருக்காகக் கேட்பவர் விஷயம் வேறு. அவர் வாங்குவது அவருடைய பணம் இல்லை, அந்த முதியவர்களின் பணம். அங்கே கணக்குக் கேட்காமல் கொடுத்தால், வராத பங்குக்காகக் குரல் கொடுக்க யாருமே இல்லாமல் போகிறது. பதினொரு பேரில் ஒருவர் வந்து ஒப்பந்தக்காரரிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. கேட்க முடிந்தவர் கொடுக்கிறவர் மட்டும்தான்.

கேட்பதற்கு மேசையில் நேரமில்லை என்றால், மேசையில் கொடுக்காமல் இருப்பதே சரி. "அட்டையை போட்டோ எடுத்துக்கிறேன், விசாரிச்சிட்டு நேரா ஹோமுக்கே அனுப்புறேன்" என்று சொல்லுங்கள். நாங்கள் விசாரித்த பிறகு வந்த வேறு சில வசூல்காரர்களிடம் உரிமையாளர் இதைச் சொல்லிப் பார்த்தார். இல்லத்திலிருந்தே வந்தவர் ஒருவர் மகிழ்ந்துபோய், வழி சொல்லி, பஸ் நம்பரும் சொன்னார். மற்றவர்கள் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

மருத்துவச் செலவுக்கு என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வருபவர்களைப் பற்றிப் பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் உள்ள கைப்பேசி எண்ணை அழைக்காதீர்கள். மருத்துவமனையின் பொது எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து, உள்நோயாளி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே நோயாளியின் பெயரில் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான குடும்பம் காலில் விழாத குறையாக நன்றி சொல்லும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. குழந்தைகளின் இருதய அறுவை சிகிச்சையும் அதில் வருகிறது. அட்டை வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வாங்காத குடும்பம் என்றால், மருத்துவ உதவி எண் 104-க்கு அழைத்து வழி கேட்டுச் சொல்வது நீங்கள் கொடுக்கும் ஐம்பது ரூபாயைவிடப் பெரிய உதவி. திட்டத்தில் வராத செலவுகளும் உண்டு. அதனால் காப்பீடு இருக்கிறது என்பதற்காக யாரையும் பொய்யர் என்று முடிவு கட்டவேண்டாம்.

கிராமத்துக் கோயில் திருப்பணி, கும்பாபிஷேகம் என்று மஞ்சள் பையோடு வருகிறவர்கள் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. எந்த ஊர், யார் தலைக்கட்டு, எந்தச் சாமி என்று நாலு கேள்வி கேட்டால் மெஸ்ஸுக்குள்ளேயே அந்த ஊரைத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

குழந்தையையே கூட்டிக்கொண்டு வந்து கையேந்த வைத்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது இளைஞர் நீதிச் சட்டம் 76-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

பிறகு நடந்தது

உரிமையாளர் மேசை வசூலை நிறுத்திவிட்டார். பசி என்று வருபவருக்குச் சாப்பாடு உண்டு, அதில் மாற்றமில்லை. இல்லத்து நிர்வாகியோடு உட்கார்ந்து பேசியதில், டிரஸ்ட்டின் வங்கிக் கணக்கிலேயே கியூஆர் வாங்கினார்கள். வங்கியில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள் என்று அதுவரை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கியூஆர் இப்போது மெஸ் கல்லாவில் இருக்கிறது. குழந்தைகள் படம் போட்ட அட்டைகளைத் திரும்ப வாங்கச் சொன்னோம், பாதிதான் வந்தது. முதியோர் இல்லமாகப் பதிவு செய்ய மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். தாள்களைச் சேர்த்து அடுக்கிக் கொடுத்தது நான். அமாவாசைக்கு வந்த குடும்பங்களில் ஒன்று, அந்த அம்மா கேட்டுக்கொண்டதன் பேரில், மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கு மாறிக்கொண்டது.

ஒப்பந்தக்காரரின் மேல் எதுவும் நடக்கவில்லை. காவல் நிலையத்தில் விசாரித்தபோது, ஏமாற்றப்பட்டது டிரஸ்ட் என்றால் டிரஸ்ட்தான் புகார் கொடுக்கவேண்டும் என்றார்கள். நிர்வாகி கொடுக்க விரும்பவில்லை. தானும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு, எழுத்து எதுவும் இல்லை, அட்டையில் தன் டிரஸ்ட் பெயர்தான் இருக்கிறது என்று பயம். அவர் பயம் நியாயமானதும்கூட.

மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறநிறுவன ஆணையர் என்று ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டில் இந்து சமயக் கோயில்களுக்கும் அறநிலையங்களுக்கும் ஒரு துறை உண்டு, இதுபோன்ற டிரஸ்ட்டுகளுக்கு அப்படி ஒருவர் இல்லை. சிங்கப்பூரில் தெருவிலோ வீடு வீடாகவோ நிதி திரட்ட முன்கூட்டியே உரிமம் வாங்கவேண்டும். அறநிறுவனங்கள் திரட்டும் தொகையில் திரட்டும் செலவு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே உண்டு. நம் ஊரில் அறுபது சதவீதத்தை எடுத்துக்கொண்டாலும், அதை அட்டையில் போடவேண்டும் என்றுகூட யாரும் கேட்பதில்லை. எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்று அட்டையிலேயே அச்சிடச் செய்தால்கூட இந்த வியாபாரத்தில் பாதி நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

அந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இப்போது ஆரப்பாளையம் பக்கத்துக் கடைகளுக்குப் போகிறார்கள். கையில் இருப்பது வேறொரு இல்லத்தின் அட்டை. அந்த இல்லத்தின் முகவரியை எடுத்து வைத்திருக்கிறோம். போய்ப் பார்த்துப் பேசவேண்டும்.